பொறி விழும் பாகை

வானொலியில் பேசுகிறவனுக்குக் கரும்பலகை கிடையாது. ஆதலால் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் பேசப்போவது ஓர் அட்டவணையைப் பற்றி.

முப்பது ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் மடக்கை அட்டவணையை நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "ஸார், இதைப் பார்க்கப் படிச்சு என்ன செய்யப்போறோம்?" என்று கேட்டான். "பரீட்சையில் மார்க்கு வாங்கப்போகிறாய்" என்றேன். வகுப்பு சிரித்தது; அவன் சிரிக்கவில்லை. ஆசிரியன் சொல்லத்தக்க விடை அதுவன்று என்பது எனக்கு அப்போதே தெரியும்.

சென்ற சாரல் காலத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் என் மகனுடைய மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்ந்த பட்டறை அந்தப் பையனுடையது. ஸ்பார்க் பிளக்கின் மூடிக்குள் மழைநீர் புகுந்திருந்தது. பத்து நிமிட வேலை. பிறகு அவன் ஒரு சிறு கருவியை வண்டியில் இணைத்தான். எஞ்சினை முடுக்க முடுக்க அதன் திரையில் ஓர் எண் மாறிக்கொண்டே இருந்தது. "பொறி விழுகிற பாகை, ஸார்" என்றான்.

அதன் பொருள் இதுதான். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறிக் காற்றையும் பெட்ரோலையும் அழுத்துகிறது. பொறி விழுந்த கணமே அக்கலவை முழுவதும் எரிந்துவிடுவதில்லை. தீ பரவ நேரம் வேண்டும்; இரண்டு மில்லி வினாடி என்று கொள்வோம். நிமிடத்திற்கு 1500 சுற்றுச் சுழலும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு 40 மில்லி வினாடி. அதற்குள் 360 பாகை. எனவே இரண்டு மில்லி வினாடியில் 18 பாகை திரும்பிவிடும். 3000 சுற்றானால் 36 பாகை. வேகம் கூடக் கூட, பிஸ்டன் உச்சியை அடைவதற்கு முன்னதாகவே பொறி விழுந்தாக வேண்டும். ஆயினும் வேகம் இருமடங்கானால் பாகையும் இருமடங்காக வேண்டியதில்லை. உள்ளே கலவை சுழித்துக் கொந்தளிப்பதால் தீயும் விரைந்து பரவுகிறது.

சுமையும் உண்டு. குற்றாலத்துச் சமதரைச் சாலையில் மெல்லச் செல்லும்போது சிலிண்டருக்குள் புகும் கலவை குறைவு. அது மெல்ல எரியும். பொறி இன்னும் முந்த வேண்டும். செங்கோட்டையைக் கடந்து புளியரை மலைப்பாதையில் ஆரியங்காவுக்கு ஏறும்போது நிலைமை தலைகீழ். வேகம் குறைவு, த்ராட்டிலோ முழுதும் திறந்திருக்கும். கலவை நிறைந்து அழுத்தம் மிகும். அங்கே பொறி மிக முந்தினால், தீ வந்து சேருமுன் மூலையில் கிடக்கும் கலவை தானாகவே வெடிக்கும். அதைத்தான் டிரைவர்கள் 'தட்டுது' என்பார்கள். தொடர்ந்து தட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழவும் கூடும்.

இளமையில் ஒரு திருமணத்திற்கு அம்பாசிடர் காரில் எட்டுப் பேர் (இப்போது கேட்டால் நம்பமாட்டீர்கள்) அந்த மலைப்பாதையில் ஏறினோம். எஸ் வளைவருகில் எஞ்சின் கல்லை உடைப்பதுபோல் தட்டியது. டிரைவர் இறங்கி டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் சற்றே திருகினார். தட்டல் நின்றது, ஆனால் புனலூர்ச் சமவெளியில் வண்டி இழுக்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்தைப் பார்க்கச் சுழல் எடைகளும், சுமையைப் பார்க்க ஒரு வெற்றிடப் பெட்டியும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வளைகோடுதான். ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு சுமைக்கும் தனித்தனி விடை சொல்ல அவற்றால் இயலாது.

அட்டவணையால் இயலும். 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பி.எஸ். 6 விதி வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பெட்ரோலை அளந்து பீய்ச்சும் மின்னணுப் பெட்டியே பொறியின் நேரத்தையும் குறிக்கிறது. அதன் நினைவகத்தில் வரிசைதோறும் வேகம், பத்திதோறும் சுமை, கட்டந்தோறும் பாகை. எஞ்சின் குளிர்ந்திருந்தாலும், உள்ளே வரும் காற்று கொதித்தாலும், அதற்கேற்ப ஓரிரு பாகை திருத்திக்கொள்ளும். பல கார்களில் தட்டலைக் கேட்கும் 'காது' ஒன்றும் உண்டு. கேட்டவுடன் பொறியைப் பின்தள்ளும்.

"கம்பெனி அட்டவணையைப் பூட்டி வச்சிருப்பாங்க, ஸார். இது பயிற்சி வகுப்பில் கொடுத்த மாதிரி" என்று சொல்லி ஒரு தாளை நீட்டினான். "3250 சுற்று, 50 விழுக்காடு சுமை. எத்தனை பாகை?"

அந்தக் கட்டம் தாளில் இல்லை! நீங்களும் எழுதுங்கள். 3000 சுற்றில், 40 விழுக்காடு சுமைக்கு 30 பாகை, 60 விழுக்காட்டுக்கு 26. 4000 சுற்றில் முறையே 34, 30. மாதிரி எண்கள்தாம்; எவரும் தம் வண்டியில் இவற்றைத் தேட வேண்டா. 3000-க்கும் 4000-க்கும் இடையே 3250 கால் பங்குத் தூரம். ஆகவே 40 விழுக்காட்டில் 31. 60 விழுக்காட்டில் 27. 50 என்பது அவ்விரண்டுக்கும் நடு. மடக்கை அட்டவணையில் சராசரி வித்தியாசம் பார்த்துக் கூட்டுவோமே, அதே வேலைதான். பெட்டி இதை வினாடிக்குப் பல தடவை செய்கிறது. எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

29 என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்து, பட்டறைச் சாக்கட்டியால் அதன்மேல் ஒரு சரிக்குறி போட்டான். மார்க்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.