வயிறு சொல்வதும் உடம்பு சொல்வதும்



ஓர் உயிர் எதைத் தின்று வளர்கிறது என்பதை எப்படி அறிவது? வயிற்றைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடுமே என்று நமக்குத் தோன்றும். அது போதாது என்பதற்கு நியூசிலாந்து நாட்டின் ஓடைகளில் வாழும் ஒரு பிராணியே சாட்சி.

நண்டைப் போல் இடுக்கியும் இறாலைப் போல் வாலும் உடைய அதனை ஆங்கிலத்தில் கிரேஃபிஷ் என்பர். பகலில் கல்லடியில் பதுங்கியிருந்து, இரவில் இரை தேடும். அதன் வயிற்றைச் சோதித்தபோது, பெரும்பகுதி மக்கிய இலையாகவே இருந்தது. அப்படியானால் அது இலையால் வளரும் பிராணியா? விடை காண அறிவியலார் அதன் சதையையே விசாரித்தனர்.

எப்படி? நம் தோட்ட உரத்தில் உள்ள தழைச்சத்தை நாம் அறிவோம். அதுதான் நைட்ரஜன். எல்லா உயிர்களின் சதையிலும் அது உண்டு. நைட்ரஜன் அணுக்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய நான்கு மட்டும் சற்றுக் கனமானவை. இவை கதிர்வீச்சு இல்லாதவை, காலத்தால் அழியாதவை. ஆகவே இவற்றை நிலையான ஐசோடோப்பு என்கிறோம்.

உடம்பு கழிவை வெளியேற்றும்போது இலேசான நைட்ரஜனே அதிகம் வெளியேறுகிறது. கனமானது சிறிது கூடுதலாகத் தங்கிவிடுகிறது. செம்பனைப் பழத்தை எலி தின்கிறது. எலியை ஆந்தை தின்கிறது. பழத்தைவிட எலியிலும், எலியைவிட ஆந்தையிலும் கனத்த நைட்ரஜனின் விகிதம் உயர்ந்திருக்கும். ஒவ்வொரு படிக்கும் சராசரியாக ஆயிரத்தில் மூன்று பங்குக்குச் சற்று மேல் அந்த விகிதம் ஏறும். கரியிலும் இப்படிக் கனத்த அணு உண்டு. அதன் விகிதம் படிக்குப் படி அதிகம் மாறாது. ஆகவே, உணவு இலையிலிருந்து தொடங்கியதா, பாசியிலிருந்து தொடங்கியதா என்று அது காட்டும். துளி சதையை உலர்த்திப் பொடியாக்கினால் போதும். அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் கருவி கணக்கைச் சொல்லிவிடும்.

நியூசிலாந்தின் வைகாட்டோ பகுதியில் காட்டு ஓடைகளிலும் மேய்ச்சல் நில ஓடைகளிலும் நடந்த இந்த ஆய்வு 2001-இல் வெளியாயிற்று. வயிற்றை நிரப்பியது இலைதான். ஆனால், உடம்பை வளர்த்தது பெரும்பாலும் ஓடையில் வாழும் சிறு பூச்சி புழுக்களே என்று சதை காட்டிக்கொடுத்தது. இரண்டு உணவுகளின் கணக்கு ஒன்றாக இருந்தால் இம்முறையால் பிரித்தறிய முடியாது. அதனால்தான் வயிற்றையும் சதையையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

இதனால் என்ன பயன்? இலை விழுந்தால் போதும், பிராணி பிழைத்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தால் ஏமாந்திருப்போம். ஓடையில் சேறும் நஞ்சும் கலந்து பூச்சிகள் மடிந்தால், வயிறு நிறைந்தும் அதன் வளர்ச்சி குன்றும்.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும். வெறுஞ்சோறு பிள்ளையின் பசியை ஆற்றும்; சதையும் எலும்பும் வளரப் பருப்பு, மீன், முட்டை, கீரை வேண்டும். இன்றிரவு தட்டில் சோறு போடும்போது, பக்கத்தில் என்ன வைக்கிறோம் என்றும் சற்றுப் பார்ப்போம்.