நொய்யலின் தலைமாட்டில் ஒரு பல்கலைக்கழகம்

கோவைக்கு மேற்கே, சிறுவாணி மலையடிவாரத்தில் இருக்கிறதே காருண்யா பல்கலைக்கழகம், அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். திருப்பூரில் சாயத் தண்ணீரைச் சுத்திகரிக்கிறவனுக்கு அங்கே என்ன ஜோலி என்கிறீர்களா? இருக்கிறது, வருகிறேன்.

சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்கு 1837-ல் வேர் ஊன்றியவர்கள் ஸ்காட்லாந்து மிஷனரிகள். மதுரை அமெரிக்கன் கல்லூரியை 1881-ல் தொடங்கியவர்கள் அமெரிக்க மிஷனரிகள். காருண்யாவைத் தொடங்கியவரோ நம் சுரண்டையில் பிறந்த டி.ஜி.எஸ். தினகரன். வங்கி ஊழியராக இருந்து, 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தால் பெயர் பெற்றவர். 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தந்தது. 1986-ல் தினகரன் தம் மகளைக் கார் விபத்தில் பறிகொடுத்தார். அந்தத் துயரத்துக்கு நடுவிலும் அதே ஆண்டு அக்டோபரில் அப்படியொரு பொறியியல் கல்லூரியைத் திறந்தார். மகன் பால் தினகரன் துணை நின்றார். 2004-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது.

இப்போது என் ஜோலிக்கு வருகிறேன். நம் நொய்யல் பிறப்பது அந்த மலைப்பக்கம்தான். அது ஓடிவரும் எங்கள் திருப்பூரில், பனியன் துணியில் சாயம் ஏற உப்புப் போட வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும், உப்பு தண்ணீரோடு நிற்கும். அந்தத் தண்ணீர்தான் ஆற்றைக் கெடுத்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, ஞாபகம் இருக்கும். இன்று பாக்டீரியா தொட்டியில் அழுக்கைத் தின்னவிட்டு, ஆர்.ஓ. மெம்பரேன் என்னும் நுண்சவ்வில் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சி, உப்பையும் மீட்டுப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறோம்.

காருண்யாவில் படித்த பையன் ஒருவன் எங்களிடம் பயிற்சிக்கு வந்தான். ஆர்.ஓ.வில் பிரஷர் ஏன் ஏறுகிறது என்று கேட்டேன். புத்தகத்தில் இருப்பதை வரிசையாகச் சொன்னான். பிழையில்லை. மெம்பரேனைக் கழற்றிக் காட்டினேன். பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு படிவு. விரலால் வழித்து மோந்து பார்த்தவன், "இது பாக்டீரியா தொட்டியிலிருந்து தப்பி வந்ததுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, அந்தத் தொட்டிக்குக் காற்று சரியாகப் போகிறதா என்று பார்க்க அவனே கிளம்பிவிட்டான். அன்றைக்கே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

நேரம் ஆகிவிட்டதென்று வானொலி நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். 1986-ல் கல்லூரி, 2004-ல் பல்கலைக்கழகம். இதை மட்டும் மனதில் வையுங்கள். பிள்ளைகளை அங்கே சேர்க்கும் பெற்றோர்களே, ஆறு பிறக்கும் இடத்தில் படிக்கிற பிள்ளை, அதே ஆறு பாடுபடும் இடத்தையும் பார்க்கட்டும். ஒருநாள் திருப்பூருக்கு அனுப்பி வையுங்கள், எவாப்பரேட்டர் வரைக்கும் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.