நாட்டுக்கோழி: கூடும் குலமும்

நாட்டுக்கோழி என்ற ஒரே பெயருக்குள் தமிழ்நாட்டில் பல வகைகள் அடங்கியிருக்கின்றன. வீட்டுக் கொல்லையில் மேய்ந்து திரியும் சிறிய உடல் கொண்டது சிறுவிடை. உயரமும் கனமும் கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நிற்பது பெருவிடை. வடக்கே அசீல் என்று வழங்கும் இனத்தின் உறவு அது. கழுத்தில் இறகில்லாதது கழுத்தறுத்தான். இவை தவிர கொண்டைக்கோழி, கருங்கால் கோழி என்று வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர்கள் மாறும்.

உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் முன்னோர் செங்காட்டுக்கோழி. ஆனால் பல கோழிகளிடம் காணப்படும் மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் அதனிடமிருந்து வந்தவை அல்ல. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் மரபணுவே அதற்குக் காரணம் என்று 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவும் அந்தப் பறவையின் பங்கு இன்று உலகெங்கும் உள்ள பண்ணைகளில் இருக்கிறது. பெருவிடையின் பங்கும் அப்படித்தான். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அசீல் இரத்தம் கலந்து உருவான கார்னிஷ் இனமே, பிராய்லர் கோழியின் தந்தை வழி. அதன் அகன்ற நெஞ்சுக்கறி அங்கிருந்து வந்தது.

பெருவிடையை இந்த உருவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் சேவற்கட்டுக்காரர்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கு எடுக்கப்பட்ட பழைய நடுகல் இருக்கிறது. அந்த ஈடுபாடு எவ்வளவு பழையது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. காகம், கீரி, மயில் என்று நிறத்தைக் கொண்டு சேவலைப் பிரித்து, தாய்வழியும் தந்தைவழியும் நினைவில் வைத்து இணைசேர்த்தவர்கள் அவர்கள். சேவல்களை மோதவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்த விளையாட்டை ஆதரிக்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் சுற்றி வளர்ந்த தேர்வு அறிவை இழப்பது நட்டம்.

நாட்டுக்கோழியின் மதிப்பு முட்டை எண்ணிக்கையில் இல்லை. நாமக்கல் பண்ணைகளின் வெள்ளை லெகார்ன் வழிக் கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். சிறுவிடை ஆண்டுக்கு மூன்று நான்கு பருவமாக, பருவத்துக்குப் பன்னிரண்டு பதினைந்து முட்டை இட்டு நிறுத்திவிடும். நிறுத்துவது எதற்கு என்றால், அடைக்கு உட்காருவதற்கு. பண்ணைக் கோழியிடம் அந்தக் குணம் திட்டமிட்டு ஒழிக்கப்பட்டது, ஏனென்றால் அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையிடாது. மின்சாரமும் பொரிப்பானும் இல்லாமல் தன் குலத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும் திறமைதான் கொல்லைக் கோழியின் சொத்து. பருந்தைக் கண்டால் குரல் கொடுப்பது, குஞ்சுக்குக் கிளறிக் காட்டுவது, மரத்தில் ஏறி அடைவது எல்லாம் அதோடு சேர்ந்தவை. கழுத்தறுத்தானின் வெறுங்கழுத்தும் பார்ப்பதற்கு அழகில்லையே தவிர, வெயில் நாட்டில் உடற்சூட்டை வெளியேற்ற நல்ல வழி. ஒரே ஒரு மரபணுவின் வேலை அது. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கழுத்தின் முன்புறத்தில் ஒரு குஞ்சம் இருக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் பெரும்பாலும் அதுவும் இருக்காது.

சந்தையில் நாட்டுக்கோழிக் குஞ்சு என்று விற்பதெல்லாம் நாட்டுக்கோழி ஆகாது. ஐதராபாத்தில் உருவான வனராஜா, பெங்களூரில் உருவான கிரிராஜா போன்றவை புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கப்பட்டவை. வண்ண இறகு இருக்கும், முட்டையும் கூடுதலாக இடும். கறிக்கும் முட்டைக்கும் வளர்ப்பவர் அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அவற்றை அடைக்கு நம்ப முடியாது. அடுத்த தலைமுறையில் குணம் சிதறிவிடும். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதியின் கடக்நாத் தனி இனம். அதன் கறிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் ஊரில் அது மரபுச்செல்வம். இங்கே கறுப்பு நிறத்துக்காக மட்டும் வாங்கி, சிறுவிடையோடு கலந்துவிடும்போது இரண்டும் கெடுகின்றன.

இனி கூடு. கொங்கு நாட்டில் குடாப்பு, தென்மாவட்டங்களில் பஞ்சாரம், யாழ்ப்பாணத்தில் கரப்பு என்று மூங்கிலாலும் பிரம்பாலும் பின்னிய கவிப்புக் கூடைகள் பலவும் புழக்கத்தில் இருந்தன. தாயையும் குஞ்சுகளையும் பகலில் காக்க இவை போதும். காற்று வரும், இடம் மாற்றலாம், எச்சம் ஓரிடத்தில் தேங்காது. இரவுக்கு இவை போதா. கீரிப்பிள்ளை, மரநாய், வெருகு, பெருச்சாளி, பாம்பு ஆகிய ஐந்துக்கும் கூடையின் இடைவெளி தாராளம்.

பகலில் மேய்ந்து இரவில் மட்டும் அடையும் கோழி ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஒன்றரைச் சதுர அடி இடம் போதும். நாள் முழுவதும் அடைத்து வளர்ப்பதானால் சிறுவிடைக்கே இரண்டு இரண்டரைச் சதுர அடி வேண்டும். பெருவிடைக்கு அதற்கும் மேல். கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைந்தால் காலை, மாலை வெயில் உள்ளே விழாது. தரையை ஓரடி உயர்த்தி, ஓரடி ஒன்றரை அடிச் சுவர் வைத்து, அதற்கு மேல் கம்பிவலை அடிக்க வேண்டும். பணம் மிச்சம் பிடிக்கிறோம் என்று பெரிய கண் வலையை வாங்குவது வீண். கீழ்ப்பகுதியிலாவது அரை அங்குலக் கண்ணுக்கு மேல் இருக்கக் கூடாது. கூரைக்குத் தென்னங்கீற்றோ ஓடோ நல்லது. சாரல் அடிக்காதபடி மூன்றடி இறக்கம் விட வேண்டும்.

கூட்டுக்குள் கோழி தேடுவது உயரத்தைத்தான். தரையில் படுப்பது அதன் இயல்பு இல்லை. ஒன்றரை அடி உயரத்தில் இரண்டங்குல அகலக் கட்டைகளைக் குறுக்கே போட்டு, கோழிக்கு எட்டங்குலம் இடம் விட்டால் சண்டை குறையும். கனத்த பெருவிடைக்கு அந்த உயரமும் அதிகம். குதித்து இறங்கிப் பாதத்தில் கட்டி வரும், ஆகவே ஓரடிக்குள் வைப்பது நல்லது. தரையில் தேங்காய் நார்க்கழிவோ நெல் உமியோ கடலைத் தோலோ மூன்றங்குலம் பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும். உள்ளே நுழையும்போது கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்த குழி இருந்தால், கோழி புழுதியாடிப் பேனையும் செள்ளையும் தானே உதறிக்கொள்ளும்.

அடைவைப்பது இந்த வளர்ப்பின் மையம். முட்டையைச் சேர்த்து வைக்கும் காலம் ஏழு நாளைத் தாண்டக் கூடாது. நாள் ஏற ஏறப் பொரிப்பு குறையும். மணல் பரப்பிய பானையில், கூர்முனை கீழாக, குளிர்ந்த இடத்தில் வைக்கும் பழைய முறை இன்றும் சரியானதே. கழுவக் கூடாது, கழுவினால் ஓட்டின் மேலுள்ள காப்புப்படலம் போய்விடும். கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, கோழியின் உடலுக்கு அடங்கும் அளவுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை வைத்து, பொழுது சாய்ந்த பின் கோழியை உட்கார வைப்பார்கள். இருட்டில் வைத்தால் எழாமல் படிந்துவிடும் என்பது அனுபவம். அருகிலேயே தீனியும் தண்ணீரும் இருக்க வேண்டும். நாளுக்கு ஒருமுறை எழுந்து, தின்று, எச்சமிட்டுத் திரும்பும். ஏழாம் நாள் இருட்டில் கைவிளக்கை முட்டையின் பின் பிடித்தால், கரு கூடியதில் நரம்பு ஓடியிருப்பது தெரியும். கூமுட்டை வெறும் வெளிச்சமாக இருக்கும், எடுத்துவிடலாம். 21ஆம் நாள் பொரிக்கும்.

முட்டைக்கடியில் இரும்புத் துண்டும் கரியும் வரமிளகாயும் வைத்தால் இடி தாக்காது என்ற நம்பிக்கை பரவலானது. இடி முழக்கத்தால் கரு கெடுவதில்லை. கெடுப்பவை சித்திரை, வைகாசி வெயிலும், பேன் தாளாமல் கோழி கூடையை விட்டு எழுவதும்தான். வெயில் காலத்தில் அடைவைப்பதைத் தவிர்ப்பது மிளகாயை விட நல்ல காப்பு.

குஞ்சுக்கு முதல் வாரத்தில் ஏறக்குறைய 35 டிகிரி வெப்பம் வேண்டும். தாயின் இறக்கை அதைக் கொடுத்துவிடும். தாய் இல்லாத குஞ்சுக்கு மின்விளக்கு கொடுக்க வேண்டும், வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தீனியில் கம்பு, கேழ்வரகு, அரிசிக் குருணை உண்டு. அவற்றில் புரதம் போதாது. பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் போட்டு நீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் இரவில் கவிழ்த்து வைத்தால், விடிந்ததும் குஞ்சுக்கு ஒரு வேளைத் தீனி இருக்கும். செலவில்லாத இந்த உத்திக்கு இணையாகக் கடையில் வாங்கும் பொருள் எதையும் சொல்ல முடியாது. முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூளும் கொஞ்சம் வேண்டும்.

பழைய வளர்ப்பு முறை தோற்ற இடம் நோய். வெள்ளைக்கழிச்சல் அல்லது இராணிக்கெட் நோய், தடுப்பூசி போடாத கூட்டத்தில் பத்துக்கு ஒன்பதைக் கூடக் கொண்டுபோய்விடும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிவது, கழுத்துத் திருகுவது, வாய்திறந்து மூச்சு வாங்குவது அதன் அடையாளங்கள். வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு மருந்தில்லை. சின்ன வெங்காயமும் மஞ்சளும் கொடுத்துக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் கோழிகளுக்குப் பெரும்பாலும் வேறு நோய் இருந்திருக்கும். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, நான்காவது வாரத்தில் மீண்டும் ஒருமுறை, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி என்பது வழக்கமான முறை. தமிழ்நாட்டுக் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இரு வார முகாம் நடத்திக் கிராமங்களில் இந்த ஊசியைப் போடுகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியோடு கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. துரத்திப் பிடிக்க முடியாத கோழிகளுக்கு ஏற்றது அது. வெளியிலிருந்து வரும் எந்தப் பறவையையும் மூன்று வாரம் தனியே வைத்த பின்னரே கூட்டத்தில் விட வேண்டும். சந்தைக்குப் போய் விலைபோகாமல் திரும்பிய சேவலுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது குலம் காப்பது. பெரும்பாலான வீடுகளில் இதைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும் என்பது பொது விதி. முட்டை கருக்கூட அது போதும். ஆனால் மரபியல் கணக்கில் அந்தப் 11 பறவைகள் 4 பறவைகளுக்கும் குறைவான கூட்டத்துக்குச் சமம். குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் தகப்பன் ஒன்றே ஆவதால், தலைமுறைக்கு ஏறக்குறைய 14 விழுக்காடு வீதம் நெருங்கிய உறவுக் கலப்பு கூடும். கூமுட்டை பெருகுவது, குஞ்சு வலுவிழப்பது, கால் வளைவது எல்லாம் அதன் விளைவுகள். பெரும்பாலும் காத்து கருப்பின் மேலும் கண்ணேறின் மேலும் பழி விழும். அதே பத்துப் பெட்டைக்கு மூன்று சேவல் இருந்தால் அந்த அளவு ஐந்தரை விழுக்காட்டுக்கு இறங்குகிறது. கிளிமூக்கு விசிறிவால் சேவல்களை அழகுப் போட்டிக்காக வளர்ப்பவர்கள், மூக்கின் வளைவுக்காக அண்ணன் தங்கையை இணைசேர்க்கும்போது இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. வேகமாக வளர்ந்த சேவல் முதலில் விலைபோகும். அழகான சேவல் கோயிலுக்கு நேர்ந்துவிடப்படும். தீபாவளிக்குக் கொழுத்ததைத் தேடுவார்கள். மிஞ்சிய நோஞ்சான் சேவல் அடுத்த ஆண்டுக் குஞ்சுகளுக்குத் தகப்பன் ஆகிறது. இப்படிப் பத்தாண்டு போனால் எந்த இனமும் சிறுத்துப்போகும். சேவலைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அதன் தாயைப் பார்த்து: எந்தப் பெட்டை ஒழுங்காக அடைகாத்து, அதிகக் குஞ்சுகளை மூன்று மாதம் வரை கரையேற்றியதோ, அதன் மகனே நிற்க வேண்டும். அடையாளத்துக்குக் காலில் வண்ண வளையம் போட்டால் குழப்பம் வராது. சேவலை மாற்றியதும் மூன்று வாரம் பொறுத்துத்தான் புதிய சேவலின் முட்டையை அடைக்கு எடுக்க வேண்டும், ஏனென்றால் பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் உயிரோடிருக்கும்.

சிறு கொல்லையில் மூன்று சேவல் நிறுத்துவது எளிதல்ல, பெருவிடையில் அது நடக்கவே நடக்காது. ஒரு வீட்டுக் கோழியை இன்னொரு வீட்டில் பங்கு வளர்ப்புக்கு விட்டுக் குஞ்சுகளைப் பங்கிட்டுக்கொண்ட பழைய வழக்கத்தில், சேவல் கலப்பு தானாக நடந்தது. இன்று அதைத் திட்டமாகச் செய்யலாம். மூன்று வீடுகள் சேர்ந்து, முதல் வீட்டுச் சேவலை இரண்டாம் வீட்டுக்கும், இரண்டாம் வீட்டுச் சேவலை மூன்றாம் வீட்டுக்கும், மூன்றாம் வீட்டுச் சேவலை முதல் வீட்டுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டு, பெட்டைகளை மட்டும் அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டால், வெளிச்சேவல் வாங்காமலே பல தலைமுறைகள் ஓடும். சிறுவிடையோ பெருவிடையோ வளர்க்கும் நேயர்கள், இந்த ஆண்டுப் பொரிப்பில் தேறும் முதல்தரச் சேவலை விற்றுவிடாமல், தெருவில் இன்னும் இரண்டு வீடுகளோடு பேசி இந்தச் சுற்றைத் தொடங்க வேண்டும்.