புறக்கடைக் கோழியும் முட்டையின் நிறமும்

பெரியாறு சூழ்ந்த ஏலூர் உரத் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர். எனினும், கேரளத்தின் பிற ஊர்களைப் போல் அங்கும் வீட்டுப் புறக்கடையில் நான்கைந்து கோழிகள் வளர்ப்போர் உண்டு. ஒரே கூட்டில் வெள்ளையும் பழுப்புமாக, சிறிதும் பெரிதுமாக முட்டைகள் கிடைக்கும்போது, கோழிக்கு ஏதோ குறை என அவர்கள் ஐயுறுகின்றனர்.

நிறம் இனவழி வருவது. வெள்ளை லெகார்ன் வெள்ளை முட்டையிடும். ரோட் ஐலண்டு சிவப்பு இனம் பழுப்பு முட்டையிடும். மண்ணுத்தியில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கிய கிராமஸ்ரீயின் முட்டையும் பழுப்பே. ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. பழுப்பு நிறமி பெரும்பாலும் கடைசிச் சில மணி நேரத்திலேயே படிகிறது. அவ்வேளையில் நாய் துரத்திக் கோழி மிரண்டால் ஓடு வெளிறிப் போகக்கூடும்.

அளவு வேறு செய்தி. இளங்கோழியின் முதல் முட்டைகள் சிறியவை. வயது ஏற ஏறப் பெரிதாகும். கோடை வெப்பத்தில் கோழி தீனி குறைவாகத் தின்னும். முட்டை சிறுக்கும், ஓடும் மெலியும். கிளிஞ்சல் தூள் ஓட்டுக்கு வலுவூட்டுமேயன்றி நிறத்தை மாற்றாது.

நாமக்கல்லிலிருந்து வரும் வெள்ளை முட்டையைவிட நாட்டு முட்டைக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது. ஆனால் ஓட்டின் நிறத்தில் சத்து இல்லை. ஆகவே, வெளிறியது என்று கூறி விலையைக் குறைக்கும் வணிகரிடம் இல்லத்தரசி பணிய வேண்டியதில்லை. சிறிதாயின் எடைக்கேற்பக் குறைப்பதே முறை.