மாதவிடாயும் மகளிர் கல்வியும்

(வெள்ளி விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



மேடையில் பேசக் கூசும் ஒன்றைப் பற்றி இன்று பேசத் துணிந்துள்ளோம். மாதந்தோறும் சில நாள் பள்ளிக்கு வராத பெண்ணைக் கேட்டால், "வயிற்று வலி" என்பாள். வலி மட்டுமே காரணமன்று என்பதைத் தாய்மார்கள் அறிவீர்கள். பழந்துணியைச் சோப்பிட்டு வெயிலில் உலர்த்தினால் குற்றமில்லை. ஆனால் ஏற்காட்டின் மழையிலும் மூடுபனியிலும், பிறர் கண்ணுக்கு மறைவாக உலர்த்தும் துணியில் ஈரம் நீங்குவதேது?

இக்குறையைப் போக்க, தமிழக அரசு 2012 மார்ச் 27இல் 'புதுயுகம்' திட்டத்தைத் தொடங்கியது. கிராமப்புறத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பொட்டலம், பொட்டலத்துக்கு ஆறு நாப்கின் என இலவசமாக வழங்க வகை செய்யப்பட்டது. அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும், சிறையிலுள்ள மகளிருக்கும் அதில் இடமளிக்கப்பட்டது. தேவைப்படும் எவருக்கும் இலவசம் என்று ஸ்காட்லாந்து சட்டம் இயற்றியது 2020இல்தான். அதற்கு எட்டாண்டு முன்பே இங்கு ஒரு தொடக்கம் நிகழ்ந்தது பாராட்டத் தக்கதே.

எனினும் கணக்கிட்டுப் பார்ப்போம். அந்த அளவின்படி மாதத்துக்கு ஒன்பது நாப்கின்கள். ஐந்து நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு இரண்டுகூட வரவில்லை. பத்தொன்பது வயதைக் கடந்து காப்பிப் பழம் பறிக்கும் பெண்ணுக்கோ, வயது வரம்பால் அதுவுமில்லை. தொழிலாளர் எளிதில் அணுகும் இடத்தில் கழிப்பிடம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே கூறியது. மலைச்சரிவில் கூடையுடன் நிற்பவளுக்கு அது எத்தனை தொலைவு என்பதை நடந்தவரே அறிவர்.

பொருள் மட்டும் கிடைத்தால் போதுமா? 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில், பருவமடைந்த எட்டாம் வகுப்பு மாணவி, ஒடுக்கப்பட்ட சமூகத்துச் சிறுமி, வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் அமர்ந்து தேர்வெழுதிய செய்தி கேட்டு நெஞ்சு பதறினோம். பதறிய நாமே நம் வீட்டில் செய்வதென்ன? தூரமான பெண்ணை ஒரு மூலையில் ஒதுக்கி, தனித் தட்டும் தனிக் குவளையும் தருகிறோம். தேநீர்க் கடையில் தனிக் குவளை நீட்டப்பட்டபோது நம் முன்னோர் பட்ட அவமானத்தை மறந்தோமா? தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆம் விதி இவ்விலக்குக்கும் பொருந்தும் என்று, 2018இல் சபரிமலை வழக்கில் நீதிபதி டி. ஒய். சந்திரசூட் தமது தனித் தீர்ப்பில் எழுதினார். ஊரார் நமக்குச் செய்யக்கூடாதென்று நாம் போராடியதை, நம் மகளுக்கு நாமே செய்யலாகாது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். வயது வரம்பை நீக்கி, எண்ணிக்கையை உயர்த்துமாறு அரசுக்கு நம் சங்கம் விண்ணப்பிக்க வேண்டும். மாணவியர் கேட்டுக் கூனிக்குறுகாமல் எடுத்துக்கொள்ளும்படி, கழிப்பறையிலேயே நாப்கினும் தண்ணீரும் சோப்பும் மூடியிட்ட தொட்டியும் வைக்க வேண்டும். மூன்றாவது வேண்டுகோள் இங்குள்ள ஆடவருக்கும் உரியது: இன்று வீடு திரும்பியதும் அந்தத் தனிக் குவளையை மற்றக் குவளைகளோடு சேர்த்து வையுங்கள்.