கிழக்கே திரும்பியது ஆறு; மேற்கே ஓடுகிறது பணம்!

(தேனிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேற்கே ஓடி அரபிக் கடலில் வீணே விழுந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பென்னிகுக். 1895ல் அந்தத் தண்ணீர் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கு கழனியாயிற்று. அந்த மண்ணில் நின்று, இன்று வேறோர் ஓட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது பண ஓட்டம். இதுவும் மேற்கு நோக்கித்தான்!

மதுரையில் இறங்கும் வெளிநாட்டுப் பயணி, உசிலம்பட்டி, தேனி, கம்பம் கடந்து, லோயர் கேம்ப் வழியே குமுளி ஏறித் தேக்கடி போகிறார். வழியில் திராட்சைத் தோட்டத்தில் இறங்கிப் பன்னீர்த் திராட்சையைச் சுவைக்கிறார். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற பழமல்லவா! மனம் லயித்து ஓர் இரவு இங்கே தங்கவும் செய்கிறார். வரட்டும், வரவேற்போம். ஆனால், அந்த அறையை அவருக்கு விற்றவர் யார்?

ஆம்ஸ்டர்டாமிலே ஒரு கம்பெனி, புக்கிங்.காம். சிங்கப்பூரிலே மற்றொன்று, அகோடா. கடை இரண்டு, இரண்டுக்கும் முதலாளி ஒரே அமெரிக்கக் கம்பெனி! அறை வாடகை 3,000 ரூபாய் என்றால், நூற்றுக்குப் 15 வீதம் தரகு 450 ரூபாய். கூட்டியவர், துடைத்தவர், படுக்கை விரித்தவர் இங்கே, தரகு அங்கே.

தரகே கூடாதென்று சொல்ல வரவில்லை. போடியில் ஏலக்காய் விற்பவர் தரகு தரவில்லையா? தருகிறார். ஆனால் அந்தத் தரகர் போடியில் குடியிருக்கிறார், போடியில் செலவழிக்கிறார், இந்த நாட்டுக்கு வரி கட்டுகிறார். வெளிநாட்டுத் தரகர்?

நாடகம் எழுதுகிறவன் நான், காட்சியாகவே காட்டுகிறேன்.

"ஐயா, இலாபத்துக்கு வரி?"

"உங்கள் நாட்டில் எமக்கு நிலையான இடமே இல்லையே! இரட்டை வரி ஒப்பந்தத்தைப் படித்துப் பாரும்."

"சரி, சேவைக்கு வரி?"

"சேவையைப் பெற்றவர் கட்டுவார்!"

உரையாடல் என் கற்பனை, சட்டம் கற்பனையல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் சேவைக்குரிய 18 சதவிகித வரி, பதிவு பெற்ற விடுதிக்காரர் தலையில்தான் விழுகிறது. 450 ரூபாய்த் தரகுக்கு மேலும் 81 ரூபாய்! அதைக் கழித்துக்கொள்ளலாமா? 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பரில் வரியை 5 சதவிகிதமாகக் குறைத்தார்கள். கூடவே அந்தக் கழிவையும் பறித்துவிட்டார்கள்.

டில்லி எதுவுமே செய்யவில்லையா என்றால், செய்தது. 2020 ஏப்ரல் முதல், இணையத்தில் விற்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு 2 சதவிகிதச் சமன்படுத்தும் தீர்வை போட்டது. அமெரிக்கா சீறியது. 2021ல் 'பாரபட்சம்' என்றது. பதிலடிச் சுங்கம் என்று மிரட்டியது. 2024 ஆகஸ்ட் முதல் தேதி அந்தத் தீர்வை எடுபட்டது! உலக நாடுகளெல்லாம் கூடி ஒப்பந்தம் செய்யும், அதன்படி நமக்கும் பங்கு கிடைக்கும் என்றார்கள். தீர்வை போயிற்று, ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவில்லை.

இன்னொரு விலங்கும் உண்டு. "எங்களிடம் சொல்லும் விலையைவிடக் குறைத்து வேறெங்கும் விற்காதே" என்ற நிபந்தனை. இத்தகைய கட்டுப்பாடுகளுக்காக, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்–கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். ஐரோப்பாவிலோ, புதுச் சட்டத்துக்குப் பணிந்து, புக்கிங்.காம் 2024ல் அந்த நிபந்தனையையே கைவிட்டது. ஜெர்மன் விடுதிக்காரருக்குக் கிடைத்த நியாயம் சின்னமனூர் விடுதிக்காரருக்குக் கசக்குமா?

"கம்பெனிகளை விரட்டச் சொல்கிறாயா?" என்று கேட்பார்கள். இல்லை! கூடலூர்த் தோட்டத்துச் சிறு விடுதியைப் பாரிஸ் நகரத்தார் அறிந்துகொள்ள அந்தக் கடை உதவுகிறது, மறுக்கவில்லை. இங்கே விளையும் தரகுக்கு இங்கே வரி வை, அதை விற்பவனிடம் வாங்கு, விலை விலங்கை உடை என்கிறோம். 1971 முதல் இயங்கும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம், தன் ஓட்டல்களோடு இந்தச் சிறு விடுதிகளின் அறைகளையும் சொற்பத் தரகுக்கு விற்றுத் தரட்டும் என்கிறோம்.

வரும் ஞாயிறு, உத்தமபாளையம் முதல் குமுளி அடிவாரம் வரை, தோழர்கள் விடுதி விடுதியாகச் செல்லவேண்டும். தரகு பிடித்த ரசீதுகளின் நகலை, உரிமையாளர் சம்மதத்தோடு வாங்கி வாருங்கள். ஆளுக்கு ஐந்து விடுதி. கோரிக்கை மனுவோடு அவற்றை இணைத்து நம் நாடாளுமன்ற உறுப்பினர் கையில் கொடுப்போம். அவர் நிதியமைச்சரிடம் காட்டிக் கேட்கட்டும்.