ஆங்கில எழுத்துக்கூட்டலும் நம் சிறுவரும்
(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் ஆங்கில எழுத்தைப் பற்றிப் பேசுதல் சிலர்க்கு வியப்பளிக்கலாம். நம் இல்லத்துச் சிறுவர் பலர் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இடறி, 'எனக்குப் படிப்பு வாராது' என்று மனமொடியக் கண்டமையால் இதனைக் கூறத் துணிந்தேன்.

என் வகுப்பில் ஒரு சிறுவன், கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்னும் சொல்லை 'என்' என்னும் எழுத்தில் தொடங்கினான். முதலில் 'கே' வரவேண்டுமென்று கூறி, நூறுமுறை எழுதப் பணித்தேன். பிழையின்றி எழுதிவந்தான். ஏட்டை மூடி வினவியபொழுதோ, மீண்டும் 'என்' என்றே தொடங்கினான்! குற்றம் அவனதன்று, என்னுடையதே. செவி கேட்டதைக் கை எழுதிற்று. தமிழ் பயின்ற பிள்ளைக்கு அஃது இயல்பன்றோ?

பின்னர் அவனுக்கு அவ்வெழுத்தின் வரலாற்றைச் சொன்னேன். பண்டை ஆங்கிலர் அந்தக் 'கே'யையும் ஒலித்தே வந்தனர். 1476-இல் காக்ஸ்டன் என்பார் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவினார். அதன்பின் எழுத்து மெல்ல மெல்ல நிலைபெற்றது. ஒலியோ மாறிக்கொண்டே சென்றது. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்னும் சொல்லிலோ, இலத்தீன் உறவு உண்டெனப் பிறழக் கருதிய பிற்காலத்தார் 'எஸ்' என்னும் எழுத்தைச் செருகிவிட்டனர். இவற்றைக் கேட்டு நகைத்த சிறுவன் அதன்பின் அந்தக் 'கே'யை மறந்திலன்.

பெற்றோர் செய்யத்தக்கன சில உள. சொல் முழுதும் முரணென்று அஞ்சற்க. 'சொன்னான்' எனப் பொருள்படும் 'செட்' என்னும் சொல்லில் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் ஒலியோடு பொருந்துவனவே. இடைநின்ற 'ஏ', 'ஐ' இரண்டுமே முரணுவன. அவற்றை மட்டும் சிவப்பு மையால் அடிக்கோடிடுக. 'லைட்', 'நைட்', 'ரைட்' போன்றவற்றில் 'ஜி', 'எச்' இரண்டும் ஒலியாது நிற்றலின், அவற்றை ஓரினமாக்கிக் கற்பிக்க. புதன்கிழமையின் ஆங்கிலப் பெயரை எழுதும்போது மட்டும் 'வெட்-நெஸ்-டே' என மனத்துள் ஒலிக்கச் செய்க.

நாள்தோறும் 5 சொற்களே போதும். பிள்ளை சொல்லைப் பார்த்து, ஒலித்து, மூடி, எழுதி, மீண்டும் ஒப்பிடுக. ஆங்கிலமறியாத தாயும் அருகமர்ந்து எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்கலாம்.

பிழை கண்டவிடத்து, 'மூடனே' என்னற்க; 'எவ்வெழுத்து உன்னை ஏமாற்றியது?' என்று வினவுக. அவ்வொரு வினா பிள்ளையின் ஊக்கத்தைக் காக்கும்.